கோத்தகிரியிலிருந்து பூட்டானுக்கு வீட்டுச் சாமானை லாரியில் அனுப்பினால் எந்த விதி எங்கே வரும்

பூட்டான் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் வேலை பார்ப்பது பல காலமாக நடக்கிறது. நம் குன்னூர், கோத்தகிரி பக்கம் யாருக்காவது அங்கே வேலை உறுதியானால் ஆர்டரைப் பிரித்த சூட்டோடு வருகிற கேள்வி, "பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாத்தையும் லாரியிலயே கொண்டு போயிடலாமா?" போகலாம். ஆனால் பேக்கர்ஸ் ஆள் போனில் சொல்வதுபோல "டோர் டு டோர்" என்று ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை. மேட்டுப்பாளையம் இறங்கி, சென்னை, கொல்கத்தா, சிலிகுரி தாண்டி மேற்கு வங்காளத்தின் கடைசி ஊரான ஜெய்காவ்ன் வரை ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர், அதுவரை முழுக்க நம் நாட்டுச் சட்டம்தான். அந்த ஊரில் ஒரு வாசல், வாசலுக்கு அப்பால் புன்ட்ஷோலிங், அது பூட்டான். வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் வேறு விதி, கூடவே கார் கொண்டு போனால் அதற்குத் தனி விதி. மூன்றையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் நடுவழியில் மாட்டுகிறார்கள்.

சாமானுக்கு முன்னால் ஆள். இந்தியர்களுக்கு பூட்டான் போக விசா கிடையாது. ஆனால் ஆதார் அங்கே செல்லாது, இதைப் பலர் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். ஆறு மாதமாவது காலாவதி மீதமுள்ள பாஸ்போர்ட், இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை, இந்த இரண்டில் ஒன்று வேண்டும். பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். நம்மூரில் பிறப்புச் சான்றிதழை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு வாங்கி, குழந்தையின் பெயரைச் சேர்க்காமலே பீரோவில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், பெயர் சேர்த்து, ஆங்கிலமும் உள்ள பிரதியாக வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், வாக்காளர் அட்டையில் வெறும் பெயர் இருக்கும், டிகிரி சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும். வேலை அனுமதி எந்தப் பெயரில் எடுக்கப்படுகிறதோ அதே பெயர் உள்ள அடையாளத்தைத்தான் எல்லையில் நீட்ட வேண்டும். என்னைக் கேட்டால் பாஸ்போர்ட்டே எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வேலை அனுமதி எடுக்க வேண்டியது வேலை தருகிறவரின் பொறுப்பு. அது வருவதற்கு முன் "முதலில் உள்ளே போயிடலாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கிளம்பினால் நீங்கள் சுற்றுலாப் பயணி, சுற்றுலாவுக்கு வரும் இந்தியர்கள் ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் கட்ட வேண்டும் என்ற விதி 2022 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. நாலு பேர் குடும்பம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் குடும்பமும் லாரியும் அனுமதிக்குப் பின்னால்தான் போக வேண்டும், முன்னால் ஓடக் கூடாது.

இனி சாமான். இங்கே உங்கள் கையில் இருக்க வேண்டிய முக்கியமான காகிதம் ஒரு பொருள் பட்டியல். பேக்கர்ஸ் ஆள் கிறுக்கித் தருகிற "கார்ட்டன் 22, பீரோ 1" பட்டியல் போதாது. நீங்களே உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, உள்ளே என்ன, எத்தனை, எந்த வருடம் வாங்கியது, இன்றைக்கு என்ன விலை போகும் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, மின்சாதனங்களுக்கு வரிசை எண்ணும் எழுதி, கையெழுத்துப் போட்டு ஐந்தாறு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மேலே "பயன்படுத்திய சொந்த வீட்டுச் சாமான்கள், விற்பனைக்கு அல்ல" என்று ஒரு வரி. வழியில் வரி அதிகாரி வண்டியை நிறுத்தினாலும், லாரிக்காரரோடு தகராறு வந்தாலும், எல்லையில் சுங்கத்தில் கேட்டாலும் பேசப் போவது இந்தப் பட்டியல்தான்.

வழியில் வருகிற ஜிஎஸ்டி விஷயத்தில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு போனால் இ-வே பில், அதாவது அந்தச் சரக்குக்கு ஆன்லைனில் எடுக்கிற ஜிஎஸ்டி சீட்டு, வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அந்த ஜிஎஸ்டி விதி எண் 138-இன் விலக்குப் பட்டியலில் பயன்படுத்திய சொந்தச் சாமானும் வீட்டுச் சாமானும் இருக்கின்றன. ஆக உங்கள் பழைய கட்டிலுக்கும் பாத்திரத்துக்கும் இ-வே பில் தேவையில்லை, "இ-வே பில்லுக்குத் தனியா இவ்வளவு ஆகும் சார்" என்று யாராவது சொன்னால் விதி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். விலக்கு "பயன்படுத்திய" என்ற வார்த்தைக்குத்தான். புது வீட்டுக்கு என்று போன வாரம் வாங்கி சீல் பிரிக்காத டிவியும் பிரிட்ஜும் அந்த வார்த்தைக்குள் வராது, அவற்றின் பில்லைத் தனியாகக் கையில் வைத்திருங்கள். இன்னும் நல்லது, அங்கேயே வாங்கிக்கொள்வது.

மலை இறங்குவது தனிக் கதை. பெரிய கன்டெய்னர் லாரியை நம் தெருவுக்கு வரவழைக்க நினைக்காதீர்கள், பெரும்பாலும் சின்ன வண்டியில் ஏற்றி மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ பெரிய வண்டிக்கு மாற்றுவார்கள். அங்கேதான் கண்ணாடியும் கதவுக் கீலும் உடைகின்றன. எங்கே மாற்றுகிறார்கள், அந்த ஏற்று இறக்குக் கூலி வாடகையில் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கோவையிலிருந்து வண்டி மேலே வருவதென்றால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இருக்கிற ஏற்பாடு இது, காசு கிடையாது, ஆனால் இல்லாமல் வந்து செக்போஸ்டில் நின்றால் உங்கள் ஒரு நாள் போச்சு. கோடை சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழி ஆக்கிவிடுவார்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் காட் ரோடு எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது. நல்லவேளையாக பூட்டானில் பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது, ஜனவரியில் சாமான் இறங்கினால் இங்கேயும் மழை இல்லை, அங்கே ஜெய்காவ்னுக்குப் போகும் வழியில் பூட்டான் மலையடிவாரத்து டுவார்ஸ் சமவெளியிலும் வெள்ளம் இல்லை.

லாரிக்காரர் பொறுப்பு பற்றி யாரும் படிப்பதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 2007-ஆம் ஆண்டு சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பலருடைய சரக்கை வாடகைக்கு ஏற்றும் நிறுவனம் அதன்படி பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்டதும் பேச்சை மாற்றினால் அவர் புரோக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். சாமான் தொலைந்தாலோ உடைந்தாலோ அவர் தர வேண்டிய தொகைக்கு 2011 விதிகள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன: வாடகையைப் போல பத்து மடங்கு வரை, ஆனால் நீங்கள் அனுப்பும்போது எழுதிக் கொடுத்த மதிப்புக்கு மேல் போகாது. இதில் கடைசித் துண்டுதான் விஷயம். ஏற்றும்போது "சும்மா இருபதாயிரம்னு போடுங்க சார், செக்போஸ்ட்ல தொந்தரவு இருக்காது" என்பார்கள். போட்டீர்கள் என்றால், மூன்று லட்சம் பெறுமான வீடு மொத்தமும் நனைந்து போனாலும் உங்கள் கோரிக்கை அந்த இருபதாயிரத்தில் நின்றுவிடும். இ-வே பில்லே தேவையில்லாத சாமானுக்கு எதற்குக் குறைத்து எழுத வேண்டும்? பட்டியலில் இருக்கிற உண்மையான மதிப்பை எழுதுங்கள், சரக்கு ரசீதை வாங்காமல் வண்டியை விடாதீர்கள், இன்ஷூரன்ஸும் அதே மதிப்புக்கு எடுங்கள். நஷ்டம் வந்தால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பிறகு வழக்குப் போட முடியாது. வாட்ஸ்அப்பில் சண்டை போட்டுக்கொண்டே ஆறு மாதத்தைக் கடத்திவிட வேண்டாம், பதிவுத் தபால் ஒன்று போட்டுவிடுங்கள்.

நம் லாரியின் நேஷனல் பெர்மிட் இந்தியாவுக்குள் மட்டும்தான். வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் வண்டிகளைத் தடையில்லாமல் விட 2015 ஜூன் 15 அன்று திம்புவில் ஓர் ஒப்பந்தம் போட்டன, ஆனால் பூட்டான் நாடாளுமன்றத்தின் மேலவை அதை ஏற்கவில்லை. அவர்கள் நாடு சின்னது, மலை ரோடு, வெளி வண்டிகள் குவிந்தால் தாங்காது என்ற கவலை. மே மாதத்தில் ஊட்டி சேரிங்கிராஸில் நின்று வண்டி நெரிசலைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆக லாரி ஒப்பந்தத்தில் "ஜெய்காவ்ன் வரை" என்று இருக்கிறதா, "புன்ட்ஷோலிங்கில் இறக்கி" என்று இருக்கிறதா, அதற்கு மேல் யார் ஏற்றுவது என்பதைக் கிளம்பும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பள்ளி வரைக்கான பூட்டான் வண்டியை உங்கள் பள்ளி நிர்வாகத்தைப் பேசி வைக்கச் சொல்வது நல்லது, நாம் இங்கிருந்து போனில் பேசுகிற வாடகையும் அவர்கள் நேரில் பேசுகிற வாடகையும் ஒன்றாக இருக்காது.

எல்லையில் இந்தியச் சுங்கத்தைப் பொறுத்தவரை 1962 சட்டப்படி உங்கள் சொந்தச் சாமான் "பயணியின் பேகேஜ்". உங்களோடு வராமல் தனியாக லாரியில் வந்தாலும் அது பேகேஜ்தான். விற்பனைச் சரக்காக இருந்தால்தான் தரைவழி ஏற்றுமதிக்கான தனிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க என்று ஒரே மாதிரி மிக்ஸி நாலு, புடவைக் கட்டு, தேயிலை மூட்டை என்று ஏற்றினால் அதிகாரி கண்ணுக்கு அது வியாபாரமாகத்தான் தெரியும். நகை, கேமரா, லேப்டாப் மாதிரி விலை கூடியவற்றை வெளியே போகும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று ஒன்று வாங்கிவிடுங்கள், இரண்டு வருடம் கழித்துத் திரும்பும்போது "இது அங்கே வாங்கினதா?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

கார் இந்தக் கணக்கிலேயே வராது. பேகேஜ் என்றால் மோட்டார் வாகனம் சேராது என்று அதே சட்டம் விளக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. உங்கள் டிஎன் 43 வண்டியை ஓட்டிக்கொண்டு போனாலும் உள்ளே அதற்குத் தனி அனுமதி, தனிக் கட்டணம், காலக்கெடு. விற்றுவிடுங்கள் அல்லது தம்பியிடம் விட்டுப் போங்கள். ஜெய்காவ்ன் பக்கத்திலேயே வாடகை இடம் பிடித்து நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தால், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலப் பதிவு எண் வாங்க வேண்டும், அதற்கு ஊட்டி ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வேண்டும்.

நீலகிரி வீடுகளுக்கே உரிய சில சாமான்கள் இருக்கின்றன, அவற்றை லாரிப் பக்கமே விடாதீர்கள். தாத்தா காலத்து ஈட்டி மரக் கட்டில் முதலாவது. ஈட்டி உள்பட அந்த இன மரங்கள் முழுக்க 2017 ஜனவரி 2 முதல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்கிற உலக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, பூட்டானும் அதில் உறுப்பு நாடு. உங்களுக்கு அது கட்டில், எல்லையில் அது காகிதம் கேட்கிற மரம். அக்கா வீட்டில் போட்டுவிட்டுப் போங்கள். பழைய பங்களா சுவரில் மாட்டியிருக்கும் மான்கொம்பு அதைவிட ஆபத்து, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நேராகவே பாயும், உரிமைச் சான்றிதழ் இருந்தாலும் நாட்டுக்கு வெளியே கொண்டு போக வழியில்லை.

அப்புறம் உருளைக்கிழங்கு. சிரிக்காதீர்கள், "அங்கேயும் குளிர்தானே, பின்னாடி நாலு பாத்தி போடலாம்" என்று விதைக்கிழங்கு கட்டுகிறவர்கள் உண்டு. கிழங்கு வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழு 1961-இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது, அது வெளியே பரவாமல் இருக்க 1971-இல் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்கு உள்நாட்டுத் தடையே போட்டார்கள். அந்தப் புழு மண்ணோடுதான் பயணம் போகும். எனவே மண் உள்ள ஜெரேனியம் தொட்டி, ரோஜாப் பதியன், மண் ஒட்டிய மண்வெட்டி எதுவும் வேண்டாம். மண்வெட்டியைக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போகலாம், செடியை அங்கே நர்சரியில் வாங்கலாம்.

கேஸ் சிலிண்டரை ஏற்றவே கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட்டை வாங்கிக்கொண்டு, அவர்கள் தருகிற டெர்மினேஷன் வவுச்சரை பத்திரமாக வையுங்கள், திரும்பி வந்து இணைப்பு கேட்கும்போது அதுதான் சான்று. அப்பா அம்மா அதே வீட்டில் இருக்கப் போகிறார்கள் என்றால் இணைப்பை அவர்கள் பெயருக்கு மாற்றிவிடலாம், ரேஷன் அட்டையையும் ஒப்படைக்க வேண்டியதில்லை, போகிறவர்கள் பெயரை மட்டும் நீக்கினால் போதும்.

கையில் கொண்டு போகும் பணத்துக்கும் ரிசர்வ் வங்கி விதி உண்டு. 100 ரூபாயும் அதற்குக் கீழும் உள்ள நோட்டுகளுக்கு வரம்பு இல்லை, அதற்கு மேற்பட்ட நோட்டுகளாக ஆளுக்கு 25,000 ரூபாய் வரைதான் பூட்டானுக்குள் எடுத்துப் போகலாம். பூட்டான் நூல்ட்ரமும் நம் ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று, மாற்று விலைக் கவலை இல்லை. புன்ட்ஷோலிங்கில் கூலிக்கும் வண்டிக்கும் ரொக்கம்தான் கேட்பார்கள், கோத்தகிரியிலிருந்து கிளம்பும்போதே பேங்கில் சொல்லி நூறு ரூபாய்க் கட்டுகளாக வாங்கி, லாரியில் வைக்காமல் உங்களோடு எடுத்துப் போங்கள்.