"என் மூளைதான் செய்தது" என்று சொல்வதற்கு முன்

குடிநோய்ச் சிகிச்சையில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கும் மனநல மருத்துவருக்குச் சாக்குகள் புதியவை அல்ல. ஆனால் ஒரே மாதத்தில் மூன்றாவது நபராக ஓர் இளைஞர் தம் கைப்பேசியை என் மேசைமீது வைத்து, "நாம் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று நிரூபித்துவிட்டார்களே டாக்டர், அப்படியானால் நான் குடிப்பதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?" என்று கேட்டபோது, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இவர்கள் எல்லோரும் காட்டும் காணொளிகள் பேசுவது, 1983-இல் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட பரிசோதனையைத்தான். பங்கேற்பவர் தமக்குத் தோன்றும்போது கையை அசைக்க வேண்டும்; அசைக்கும் எண்ணம் எப்போது எழுந்தது என்பதைச் சுற்றிவரும் ஓர் ஒளிப்புள்ளியின் இடத்தைக் கொண்டு சொல்ல வேண்டும். அசைவுக்குச் சுமார் 550 மில்லிவிநாடிகளுக்கு முன்பே மூளையில் ஒரு மின் அலை ஏறத் தொடங்கியிருந்தது. எண்ணம் எழுந்ததாக அவர்கள் சொன்னதோ சுமார் 200 மில்லிவிநாடிகளுக்கு முன்புதான். இதிலிருந்து "மனிதனுக்குச் சுயவிருப்பமே கிடையாது" என்று தாவுகிறார்கள். எந்தக் காரணமும் எந்த விளைவும் இல்லாமல் கையை அசைப்பதையும், வேலையை விடுவதா, குடியை நிறுத்துவதா என்று நாள்கணக்கில் யோசிப்பதையும் ஒரே தட்டில் வைப்பது எவ்வளவு பெரிய பிழை! அந்த அலையே முன்கூட்டி எடுத்த முடிவின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை என்றும், மூளையில் ஓயாமல் எழுந்தடங்கும் தற்செயல் ஏற்ற இறக்கங்கள் ஒரு வரம்பைத் தொடும்போது அசைவு நிகழ்வதாகக் கொண்டாலே அதை விளக்கிவிடலாம் என்றும் நரம்பியல் ஆய்வாளர் ஆரன் ஷுர்கர் குழுவினர் 2012-இல் காட்டினார்கள். லிபெட்டே, எழுந்த உந்துதலைக் கடைசிக் கணத்தில் தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்று வாதிட்டவர். காணொளிகளில் ஏனோ அந்தப் பகுதி வருவதே இல்லை.

இதைவிட என்னைச் சலிப்படையச் செய்வது "நான் செய்யவில்லை, மூளை செய்தது" என்ற வாக்கியம். "நான் நடக்கவில்லை, என் கால்கள்தாம் நடந்தன" என்று யாராவது சொல்வார்களா? மூளை யோசிப்பதும் நாம் யோசிப்பதும் இரண்டு நிகழ்ச்சிகள் அல்ல. அறிவியலின் பெயரால் பேசுவதாக நினைக்கும் இவர்கள்தாம், மூளைக்குள் கைகட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் இன்னொரு "நான்" இருப்பதாகத் தம்மை அறியாமலே நம்புகிறார்கள்.

அந்த இளைஞரிடம் தத்துவம் பேசவில்லை. கடந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் கேட்டேன். அன்று மாலைவரை அப்பா வீட்டில் இருந்ததால் குடிக்கவில்லை என்றார். "அவர் வெளியே போகும்வரை காத்திருந்தது யார்?" என்றேன். பதில் சொல்லவில்லை, கைப்பேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். சூழ்நிலையை எடைபோட்டுத் தள்ளிப்போட முடிகிற அந்தத் திறன் அவரிடம் குறுகிப் போயிருந்தது, அழிந்துவிடவில்லை. சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.

குடும்பத்தினர் செய்யும் பிழை இதற்கு நேர் எதிரானது. "மனது வைத்தால் முடியாதா?" என்று கேட்டே ஆளை நோகடிக்கிறார்கள். மன உறுதியை மருந்தும் நோயும்கூடக் குலைத்துவிடலாம். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும், டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைப் போலச் செயல்படும் சில மாத்திரைகள், வாழ்நாளில் சீட்டைத் தொடாதவரையும் சூதாட வைக்கக்கூடும். 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், இம்மாத்திரைகளை உட்கொண்டோரில் 17.1 சதவீதத்தினரிடமும் உட்கொள்ளாதோரில் 6.9 சதவீதத்தினரிடமும் சூதாட்டம், அளவற்ற செலவு போன்ற கட்டுப்பாட்டுக் கோளாறுகள் காணப்பட்டன. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை மறதிநோயிலும், நினைவாற்றல் குறைவதற்கு முன்பே குணம் மாறிவிடும். "இவர் பழைய மனிதரே இல்லை" என்று மனைவி சொல்வதை உறவினர்கள் குடும்பச் சண்டையாகக் கருதி, பஞ்சாயத்து பேசியே ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள். சுயவிருப்பம் உண்டா இல்லையா என்று ஒரே சொல்லில் பதில் கேட்பவர்கள் குடிப்பவர், மாத்திரை உட்கொள்பவர், மறதிநோயாளி ஆகிய மூவரையும் ஒரே தராசில் நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவத்தில் நாங்கள் பார்ப்பது, இந்த மனிதருக்கு, இந்த நேரத்தில், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான்.

ஆகவே, நடுவயதில் ஒருவருடைய குணம் காரணமின்றி மாறினால், ஒழுக்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புதிய மாத்திரைக்குப் பிறகு சூதாட்டமோ கட்டுக்கடங்காத செலவோ தொடங்கினால், வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கடைசியாக, தயவுசெய்து இதைக் கேளுங்கள்: நெடுங்காலமாக நாள்தோறும் குடிப்பவரை, மன உறுதியைச் சோதிப்பதாக நினைத்து, அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதையடுத்து உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமும் வரலாம். நிறுத்த வேண்டும் என்று அவர் வாய்திறந்து சொன்ன அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.