பிக்சல்: படவணுவா, படப்புள்ளியா?

பிக்சலுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் ஒரு விடை கிடைக்காது, நாலு கிடைக்கும்: படவணு, படப்புள்ளி, படத்துணுக்கு, படக்கூறு. படத்தில் இருப்பதைக் கணினி அடையாளம் காணும் துறையான கணினிப் பார்வை பற்றித் தமிழில் எழுத உட்காருகிற யாரும் முதல் பத்தியிலேயே இதில் முட்டிக்கொள்வார்கள். அந்தத் துறையில் எல்லாமே இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது. நானும் முட்டிக்கொண்டவன்தான். சில வருஷம் படவணு என்று எழுதிவிட்டு இப்போது படப்புள்ளிக்கு மாறியிருக்கிறேன். ஏன் என்று சொல்ல, பிக்சல் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அது ஓர் ஒட்டுச்சொல். பிக்சர் எலிமென்ட், அதாவது படத்தின் ஒரு கூறு என்பதன் சுருக்கம். முன்பாதியான 'பிக்ஸ்', ஆய்வுக்கூடத்தில் பிறந்தது அல்ல. பிக்சர்ஸ் என்று முழுதாக அச்சிட இடமில்லாத சினிமாப் பத்திரிகைக்காரர்கள் நறுக்கியது. 'கிராமத்து ஜனங்களுக்குக் கிராமத்துப் படம் பிடிப்பதில்லை' என்பதை 'ஸ்டிக்ஸ் நிக்ஸ் ஹிக் பிக்ஸ்' என்று நாலே சொல்லில் தலைப்பாக்கியது 1935இல் வெரைட்டி பத்திரிகை. அந்தப் பிக்ஸோடு எலிமென்டின் 'எல்' ஒட்டிக்கொண்டது. அச்சில் அதை முதலில் பயன்படுத்தியவர் கலிபோர்னியாவில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்த ஃபிரெட் பில்லிங்ஸ்லி, ஆண்டு 1965. நிலவுக்குப் போன ரேஞ்சர், செவ்வாய்க்குப் போன மரைனர் விண்கலங்களின் படங்களைக் கணினியில் சீர்செய்வது பற்றிய கட்டுரைகளில் அதை எழுதினார். ஆனால் சொல் அவருடையது அல்ல, கீத் மெக்ஃபார்லண்ட் என்பவரிடம் கேட்டது. மெக்ஃபார்லண்டைக் கேட்டால், அப்போதே புழக்கத்தில் இருந்தது என்றார். ஆக, தகப்பன் பெயர் தெரியாத சொல். ஐபிஎம்காரர்கள் வெகுகாலம் 'பெல்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது நிலைக்கவில்லை.

அதே 1965இல் அதே ஆய்வகத்தில் நடந்த ஒரு விஷயம், பிக்சல் என்றால் என்ன என்பதை எந்த அகராதியையும்விட நன்றாகச் சொல்கிறது. ஜூலை மாதம் மரைனர் 4 செவ்வாயைக் கடந்தபோது எடுத்த படங்களை அனுப்பத் தொடங்கியது. ஒரு படத்துக்கு 200 வரிசை, வரிசைக்கு 200 புள்ளி, மொத்தம் 40,000. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 63 வரை ஓர் எண், வெளிச்சம் எவ்வளவு என்று சொல்ல. நொடிக்கு எட்டு பிட் சொச்சம்தான் வந்தது என்பதால் ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரம் பிடித்தது. கணினி அதைப் படமாக்கித் தரும்வரை பொறியாளர்களுக்குப் பொறுக்கவில்லை. எண்களை நீளமான காகித நாடாவில் அச்சிட்டு, நாடாக்களைப் பக்கம் பக்கமாகப் பலகையில் பொருத்தினார்கள். டிக் கிரம் என்பவர் வண்ணச் சுண்ணக்கட்டிகள் வாங்கிவந்தார். இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இந்த நிறம் என்று பிரித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து கையால் தீட்டினார்கள். செவ்வாயின் விளிம்பு பலகையில் தெரிந்தது. சட்டம் போட்ட அந்தப் பலகை இன்றும் ஆய்வகத்தில் இருக்கிறது.

அந்தக் காகிதத்தில் இருந்தது எண்கள் மட்டும்தான். ஓர் இடம், அந்த இடத்துக்கு ஓர் எண். பிக்சல் அவ்வளவுதான். இன்று கணினிக்குக் கையெழுத்து இலக்கங்களைப் படிக்கக் கற்றுக்கொடுக்கப் பயன்படும் எம்னிஸ்ட் தொகுப்பிலும் இதே கதை: ஒரு படம் 28க்கு 28, மொத்தம் 784 எண். கணினி 'பார்ப்பது' அதைத்தான்.

அப்படியானால் நம் மனதில் பிக்சல் ஏன் குட்டிச் சதுரமாக இருக்கிறது? பழியை ரஸல் கிர்ஷ் தாமே ஏற்றுக்கொண்டார். 1957இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் முதன்முதலாக ஒரு புகைப்படத்தைக் கணினிக்குள் ஏற்றியவர் அவர். தன் கைக்குழந்தை மகன் வால்டனின் படம், 176க்கு 176. சதுரம் சதுரமாக வெட்டுவது அப்போது வசதியாகப் பட்டது. வயதான காலத்தில், அது முட்டாள்தனம், உலகமே அதனால் அவதிப்படுகிறது என்று வருத்தப்பட்டார். இன்னொருவர், கணினி அனிமேஷன் படங்கள் எடுக்கும் பிக்ஸார் நிறுவனர்களில் ஒருவரான ஆல்வி ரே ஸ்மித், 1995இல் ஒரு குறிப்பே எழுதினார். பிக்சல் குட்டிச் சதுரம் இல்லை, இல்லவே இல்லை என்பதுதான் அதன் தலைப்பு. அவர் வாதம் எளிது. பிக்சல் என்பது ஓரிடத்தில் எடுத்த ஒரு மாதிரி, அதாவது சாம்பிள். அதற்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை. செல்பேசியில் படத்தைப் பெரிதாக்கும்போது தெரியும் கட்டங்கள், அந்த ஒற்றை எண்ணைத் திரையில் காட்ட மென்பொருள் அடிக்கும் வண்ணக் கட்டங்கள். படத்தில் கட்டம் கிடையாது.

இப்போது தமிழுக்கு வருவோம். படத்துணுக்கை உடனே ஒதுக்கிவிடலாம். துணுக்கு என்றதும் பத்திரிகை மூலையில் வரும் சிரிப்புத் துணுக்குதான் நினைவுக்கு வரும். படக்கூறு நேர் மொழிபெயர்ப்பு, குற்றமில்லை. ஆனால் இதே துறையில் படத்தின் விளிம்பு, மூலை போன்றவற்றைப் பண்புக்கூறு என்கிறோம். இரண்டு கூறும் ஒரே வாக்கியத்தில் வந்தால் வாசகர் பாடு திண்டாட்டம்.

படவணு அழகான சொல். படம், அணு சேர்ந்து, மகரம் கெட்டு, வகரம் உடம்படுமெய்யாக வந்து, புணர்ச்சியில் ஒரு பிசிறு இல்லை. இதற்குமேல் பிரிக்க முடியாதது என்ற பொருளும் வருகிறது. அணுவைத்தான் பிளந்துவிட்டார்களே என்றால், திரையில் பிக்சலையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று உள்ளே பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஒப்புமை அங்கேயும் கைவிடவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அணு என்றால் ஒரு பொருள். சிறியது, ஆனால் பருமன் உண்டு. ஸ்மித் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்ட அந்தக் குட்டிச் சதுரத்தைப் படவணு பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிவந்துவிடுகிறது.

புள்ளிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஜெர்மானியர்களும் இதைப் படப்புள்ளி என்றே பொருள்படும் 'பில்ட்புங்க்ட்' என்ற சொல்லாலும் சொல்கிறார்கள். ஆனால் நமக்கு அங்கே போக வேண்டிய அவசியமில்லை, வாசலில் பார்த்தால் போதும். 15 புள்ளி, 15 வரிசை என்று கோல நோட்டில் எழுதியிருப்பது ஒரு படத்தின் அளவைச் சொல்லும் அதே முறை. கோலத்தில் புள்ளி பெரிதா சிறிதா என்று யாரும் பார்ப்பதில்லை. அது இருக்கும் இடம்தான் முக்கியம், கோடு அதை நம்பித்தான் ஓடுகிறது. ஒப்புமையை ரொம்ப இழுக்கக் கூடாது, கோலப் புள்ளிக்கு எண் மதிப்பு கிடையாது. ஆனாலும் இது என் சொந்தக் கற்பனை மட்டும் இல்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து, கோலங்களை வரிசை இலக்கணத்தால், அதாவது கட்ட வரிசையில் உருவங்களை உண்டாக்கும் விதிகளால், விவரிக்கும் கட்டுரையை 1974இல் வெளியிட்டார்கள். வெளிவந்தது கணினி வரைகலைக்கும் பட அலசலுக்குமான பன்னாட்டு ஆய்விதழில்.

கோலப் புள்ளியிடம் இல்லாத எண்ணும் புள்ளி என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. புள்ளிவிவரம் என்கிறோமே, அதில் புள்ளி என்பது எண்ணிக்கையில் ஒன்று. செட்டிநாட்டு நகரத்தார் கோவில் கணக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. வரி அந்தப் புள்ளிக்கு. பெரும்புள்ளி என்று நாம் கிண்டலாகச் சொல்வதும் இந்த வழியில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆக இடம், எண் இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. அச்சுத் துறையில் மைப்புள்ளியும் புள்ளிதான். அங்கே இரண்டையும் பிரித்துக் காட்டியாக வேண்டும். கடையில் போய் 50 மெகா படப்புள்ளி என்று நானும் கேட்கமாட்டேன். பேச்சில் பிக்சல் பிக்சலாகவே இருக்கட்டும். எழுத்தில் கிளைச்சொற்கள் பிறக்கும்போதுதான் லாபம் தெரிகிறது. சாலைப் படத்தில் இந்த இடம் ரோடா, ஆளா, மரமா என்று ஒவ்வொன்றுக்கும் பெயரிடும் வேலையைப் புள்ளிவாரி வகைப்பாடு என்று சொன்னால் உடனே விளங்குகிறது. ஒத்த நிறமுள்ள அண்டைப் புள்ளிகளைச் சேர்த்துக் கட்டும் சூப்பர்பிக்சலுக்குப் புள்ளித்திரள் என்று வைக்கலாம்.

அப்புறம் வாக்ஸல். சிடி ஸ்கேனில் வருகிற, மூன்று பரிமாணத்துப் பிக்சல். படவணுவின் வழியில் போனால் இது கன அணு, சேர்த்து எழுதினால் கனவணு. முதல் தடவை அதை எழுதிக் காட்டியபோது படித்தவர் கனவு, அணு என்று பிரித்துவிட்டு, தூக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சியா என்று கேட்டார். அன்றைக்குத்தான் அதை அடித்துவிட்டுக் கனப்புள்ளி என்று எழுதினேன்.