ஜிஞ்சர் பியர் போத்தல் ஏன் வெடிக்கிறது?

மட்டக்களப்பு வெயிலில் வீட்டில் செய்த ஜிஞ்சர் பியருக்கு ஈடில்லை. இஞ்சி, சீனி, தேசிக்காய்ச் சாறு, ஒரு சிட்டிகை ஈஸ்ட் போதும். போத்தலில் அடைத்து மூடியை இறுக்கிய பிறகுதான் கவலை வரும்: உள்ளே நொதித்தல் முடிந்ததா? குமிழி அடங்கினால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அடங்குவது வேறு, முடிவது வேறு.

ஈஸ்ட் தின்னும் சீனியில் ஏறக்குறையப் பாதி எடை அற்ககோலாகவும் மறுபாதி காபனீரொட்சைட்டாகவும் மாறுகிறது. ஒரு லீற்றர் பானத்தில் 4 கிராம் சீனி நொதித்தாலே சுமார் ஒரு லீற்றர் வாயு வந்துவிடும். நாம் போடும் சீனி லீற்றருக்கு 100 கிராம் என்றால், அத்தனையும் நொதித்து 25 லீற்றர் வாயு! எந்தப் போத்தல் தாங்கும்? அதனால் ஜிஞ்சர் பியரில் நொதித்தலை முடியவிடுவதே இல்லை, பாதியில் நிறுத்துகிறோம். பிளாஸ்டிக் போத்தலை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லு மாதிரி இறுகியிருந்தால் உடனே பிரிட்ஜில் வைக்க வேண்டும். குளிரில் ஈஸ்ட் ஒடுங்கும், சாகாது. நீண்ட நேரம் கரண்ட் போனால் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். போதாததற்கு, 4 பாகை செல்சியஸில் கரையும் வாயுவில் பாதிகூட 30 பாகையில் கரையாது. கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம்.

பியரின் கதை வேறு. இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைக் காய்ச்ச முடியாது, ஆனால் சட்டம் இடம் தரும் நாடுகளில் வீட்டிலேயே செய்கிறார்கள். அவர்கள் நொதித்தல் முடிந்த பிறகே போத்தலில் அடைப்பார்கள். நொதிக்கும் வாளியின் மூடியில் வாயு வெளியேறும் நீர்க்குழாயில் குமிழி நிற்பதை அவர்களும் நம்புவதில்லை. மூடியில் சின்னக் கசிவு இருந்தாலே குமிழி தெரியாது. எல்லாம் முடிந்த பிறகும், கரைந்திருந்த வாயு பகல் சூட்டில் வெளியேறிக் குமிழி வரும்.

நம்பக்கூடியது அடர்த்திதான். சீனி கரைந்த நீர் கனமானது, அற்ககோல் நீரைவிட இலேசானது. அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் (வெறும் நீரில் 1.000 காட்டும்), தொடக்கத்தில் 1.050 போல இருந்த அளவு நொதிக்க நொதிக்க 1.010 பக்கம் இறங்கும். இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால் முடிந்தது எனலாம். 1.020 இலேயே நின்றுவிட்டால் மட்டும் சந்தேகப்படுங்கள், ஈஸ்ட் களைத்து நின்றிருக்கலாம். அளக்கும்போது கருவியை மெல்லச் சுழற்றிவிடுவது முக்கியம். அதன் உடலில் ஒட்டிய பொடிக் குமிழிகள் அதை மேலே தூக்கி, அளவைக் கூட்டிக் காட்டும்.

எங்கள் பக்கத்து வெப்பத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பல ஹைட்ரோமீட்டர்கள் 20 பாகைக்குத் திருத்தப்பட்டவை. 30 பாகையில் அவை 0.002 முதல் 0.003 வரை குறைத்துக் காட்டும். 1.010 என்று தெரிந்தால் உண்மை 1.012க்கு மேல். அந்த 0.002 இன்னும் நொதிக்கக்கூடிய சீனியாக இருந்தால் ஏறக்குறைய லீற்றருக்கு 4 கிராம், அதாவது போத்தலுக்குள் இன்னும் ஒரு லீற்றர் வாயு.