மலையிறக்கமும் மணிக்கட்டும்: கம்பம் பள்ளத்தாக்கின் சைக்கிள் ஓட்டிகளுக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் மவுண்டன் பைக் ஓட்டுவோரின் எண்ணிக்கை கண்கூடாகப் பெருகிவருகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் உள்ளூர் இளைஞர்களையும், மதுரையிலிருந்து காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களையும் பார்க்க முடிகிறது. ஒருபுறம் மேகமலை, மறுபுறம் கேரள எல்லை மலைகள், நடுவே 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையின் பந்தல்கள் என்று அமைந்த இந்த நிலம் சைக்கிளுக்கு மிகவும் ஏற்றது. தென்னாப்பிரிக்காவின் திராட்சைத் தோட்டப் பகுதியில் 2004 முதல் நடந்துவரும் கேப் எப்பிக் என்ற மவுண்டன் பைக் பந்தயத்தின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், நம் ஊரிலும் அந்த அழகு இருக்கிறதே என்று எனக்குத் தோன்றும். இந்தப் பகுதியில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் நான் இவ்வளர்ச்சியை மனமார வரவேற்கிறேன். ஆனால் விழுந்து எழுந்து வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் ஒரு காயத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டியிருக்கிறது. அது மணிக்கட்டில் ஏற்படும் படகெலும்பு முறிவு.

சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்படும் எவரும் நினைக்காமலே கையை ஊன்றித்தான் விழுவார்கள். விரிந்த உள்ளங்கை தரையில் மோதும்போது மணிக்கட்டு பின்னோக்கி மடங்கி, உடலின் எடை முழுவதும் கட்டைவிரல் பக்கமாக இறங்குகிறது. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் படகெலும்பு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. முந்திரிப்பருப்பின் வடிவமும் ஏறத்தாழ அதே அளவும் கொண்ட இந்த எலும்பே மணிக்கட்டுச் சிற்றெலும்பு முறிவுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு உள்ளாகிறது. முறிந்தாலும் கை கோணிப் போவதில்லை, பெரிய வீக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை, விரல்களை மடக்கவும் முடியும். அதனால் வீட்டில் எல்லோரும் சுளுக்கு என்றே முடிவுகட்டி விடுகிறார்கள்.

விழுந்தவர் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கையை மேசைமேல் சுண்டுவிரல் பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, கட்டைவிரலை மேல்நோக்கி நன்றாக விரிக்க வேண்டும். அப்போது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு தசைநாண்கள் கயிறு போல எழும்பி, அவற்றுக்கு இடையில் ஒரு சிறிய குழி தோன்றும். மற்றொரு கையின் ஆள்காட்டி விரல் நுனியால் அந்தக் குழியை மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். அடுத்து, அடிபடாத கையிலும் அதே இடத்தை அதே அளவு அழுத்தி ஒப்பிட வேண்டும். அடிபட்ட பக்கத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால் அதைப் படகெலும்பு முறிவு என்றே கருதி, கட்டைவிரலையும் மணிக்கட்டையும் அசையாமல் கட்டிக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும். குழியில் வலி இல்லை என்பதற்காக மட்டும் முறிவு இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. கட்டைவிரலை அதன் நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கித் தள்ளினால் வலிப்பதும், ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியாமல் போவதும் அதே அளவு முக்கியமான அறிகுறிகள்.

முதல் நாள் எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போகலாம். விரிசல் மெல்லியது, எலும்பு வளைந்தது, மற்ற எலும்புகளின் நிழலும் அதன்மேல் விழுகிறது. எனவே படம் சுத்தமாக இருந்தாலும் வலி இருந்தால் கட்டுப் போட்டுவிட்டு, 10 முதல் 14 நாட்களுக்குள் மீண்டும் ஒரு படம் எடுப்பது வழக்கம். எம்.ஆர்.ஐ. எடுக்க வசதியுள்ளவர்களுக்குத் தொடக்கத்திலேயே தெளிவு கிடைத்துவிடும். ‘எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை’ என்ற ஒரு சொல்லை நம்பிக் கட்டை அவிழ்த்துவிட்டு, அடுத்த ஞாயிறே மலையேறுகிறவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனை வழியாகவே நுழைந்து, முன்கைப் பக்கத்தை நோக்கிப் பின்னோக்கி ஓடுகிறது. படகெலும்பின் ‘இடுப்பு’ எனப்படும் ஒடுங்கிய நடுப்பகுதியில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு இரத்த ஓட்டம் அறுபட்டு, அந்தத் துண்டு உயிரிழந்து போகும் அபாயம் உண்டு. இந்த நிலையில் எண்ணெய் தேய்த்து, நீவி, இழுத்துச் சுளுக்கெடுக்கும்போது விரிசல் விலகி, கட்டுப் போட்டாலே கூடியிருக்கக்கூடிய எலும்புக்குத் திருகாணி வைத்து அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய நிலை வந்துவிடலாம். சுளுக்கெடுக்கும் பெரியவர்களின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. முறிவில்லை என்று உறுதியான பிறகு அவர்களிடம் செல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

திராட்சை விவசாயி ஒருவரின் மகன், தோட்டப் பாதையில் விழுந்து மூன்று மாதங்கள் கழித்து என்னிடம் வந்தார். “வெறும் சுளுக்குத்தான் சார், ரெண்டு தடவை நீவி விட்டோம், அப்புறமும் பிடிமானம் வரல” என்று உடன் வந்த அவருடைய தாயார் சொன்னார். அந்த இளைஞருக்குச் சைக்கிள் ஒரு பொருட்டாகவே இல்லை. கவாத்துக் காலம் நெருங்கிவிட்டது, கத்தரியை அழுத்தினால் கட்டைவிரல் அடியில் வலி குத்துகிறது, தலைக்கு மேலுள்ள பந்தலில் கையை உயர்த்தி நாள் முழுக்க வேலை செய்ய முடியவில்லை என்பதே அவர் கவலை. சி.டி. ஸ்கேனில் எலும்பு கூடாமல் நின்றிருந்தது. இப்படிக் கூடாமல் விடப்பட்ட எலும்பு, சில ஆண்டுகளில் மணிக்கட்டு முழுவதையும் தேய்மானத்துக்கு உள்ளாக்கிவிடும். கையால் பிழைக்கும் ஊரில் இது சிறிய இழப்பு அன்று.

இனி, விழாமல் இருப்பதைப் பற்றி. தோட்டப் பாதைகளில் வேகமாகச் செல்கிறவர்கள் பந்தலின் ஓரத்தைக் கவனிப்பதில்லை. பந்தலின் எடையைத் தாங்க, கடைசிக் கல்தூணிலிருந்து மண்ணுக்குள் புதைத்த கல்லுக்கு ஓர் இழுகம்பி சாய்வாக இறங்கும். துருப்பிடித்து மண் நிறத்திலேயே இருக்கும் அந்தக் கம்பி, காலை வெயில் எதிரே அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. ஹேண்டில்பாரின் முனை அதில் சிக்கினால் ஓட்டுபவர் முன்னால் வீசப்படுவார். பந்தலோரத்தில் நடைவேகத்துக்குக் குறைத்துக்கொள்வதும், தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு நுழைவதும் அவசியம். உள்ளங்கை சிராய்த்தால் சோப்பும் தண்ணீரும் விட்டு மண் போகக் கழுவி, தடுப்பூசி நிலுவையில் இருந்தால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது தொழுவுரம் கலந்த மண்.

மலைச்சாலை இறக்கத்தில் நிலைமை வேறு. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள், சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும் சாலையில் 18. இறங்கும்போது பிரேக்கை விடாமல் இலேசாகப் பிடித்துக்கொண்டே வருகிறவர்களுக்கு டிஸ்க் சூடேறி, பிடிப்புக் குறைகிறது. பிடிப்புக் குறையக் குறைய விரல்கள் மேலும் இறுக்குகின்றன, முன்கைத் தசைகள் களைக்கின்றன, கடைசி வளைவுகளில் கை சொன்னபடி கேட்பதில்லை. வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிட வேண்டும். சில வளைவுகளுக்கு ஒருமுறை நின்று கையை உதறிக்கொண்டால் டிஸ்க்கும் ஆறும், கையும் ஆறும். பிரேக் லீவரின் அமைப்பும் முக்கியமானது. பெடலில் எழுந்து நிற்கும் நிலையில் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வருமாறு லீவரைத் திருப்பி, ஒற்றை ஆள்காட்டி விரல் அதன் முனையை எட்டுமளவுக்குத் திருகாணியால் அருகே கொண்டுவர வேண்டும். கடையில் பூட்டித் தந்தபடியே ஓட்டுகிறவர்கள்தாம் அதிகம், ஆனால் அது ஓட்டுபவரின் கைக்காகப் பூட்டப்பட்டதன்று.

ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் காலையில் ஏறி மாலையில் இறங்குகின்றன. அந்த நேரங்களையும், சபரிமலைப் பருவத்தில் கம்பம்மெட்டுச் சாலை வாகனங்களால் நிரம்பும் நாட்களையும் தவிர்ப்பது நல்லது. சாலையை விட்டுக் காட்டுத் தடங்களில் இறங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை.

நீண்ட இறக்கத்துக்குப் பின் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போவது வேறொரு தொல்லை. ஹேண்டில்பார் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்தில் செல்லும் நரம்பை அழுத்துவதால் வருவது அது. டயர் காற்றைச் சற்றுக் குறைப்பதும், பிடியின் தடிமனை மாற்றுவதும், கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுவதும் உதவும். மரப்பு சில நாட்களில் நீங்காவிட்டாலோ, விரல்களை விரிப்பதில் பலவீனம் தெரிந்தாலோ காத்திருக்கக் கூடாது.

படகெலும்பு முறிவு விலகாமல் இருந்தால், எலும்பின் நடுப்பகுதி முறிவுக்குப் பொதுவாக 8 முதல் 12 வாரங்கள் கட்டு தேவைப்படும். முன்கைப் பக்க முனையில் முறிந்திருந்தால் இன்னும் நீளும். கட்டுப் பிரித்தவுடன் வலி இல்லை என்பதை வைத்துச் சைக்கிளில் ஏறிவிடக் கூடாது. எலும்பு கூடியதைப் படத்தில் உறுதிசெய்து, பிடிவலிமை மற்றொரு கைக்கு நெருங்கி வரும்வரை பயிற்சி செய்த பிறகே ஹேண்டில்பாரைத் தொட வேண்டும். முதல் சில வாரங்கள் கம்பத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சமதளத்தில் ஓட்டலாம். அதன் பின் மலையேறலாம், ஏனெனில் ஏற்றத்தில் மணிக்கட்டின்மேல் விழும் சுமை குறைவு. இறங்குவதற்கு மட்டும் சைக்கிளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.