வயிற்றில் ஆபரேஷன், கண்ணில் எதற்கு ஸ்கேன்?

"அம்மாவுக்குத் துளை போட்டுக் கருப்பையை எடுத்தார்கள். ஆபரேஷன் நடுவே கண்ணில் ஸ்கேன் எடுத்துக்கொள்ள, ஆய்வுக்காக என்று கையெழுத்து கேட்டார் மயக்க மருத்துவர். வயிற்றுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?" ஒரு வாசகரின் கேள்வி இது.

நடுவில் மூளை இருக்கிறது, அதுதான் சம்பந்தம்.

இப்படித் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை ஊதி உப்ப வைப்பார்கள். அழுத்தம் வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. பாதரசம். குடல் ஒதுங்கி வழிவிட, மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்துவார்கள். தலையிலிருந்து இறங்க வேண்டிய ரத்தம் தேங்கும். ஊதிய வாயுவில் கொஞ்சம் ரத்தத்தில் கரையும். அது கூடினால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும். மண்டையோடு விரியாதே! உள்ளே அழுத்தம் ஏறும். பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்வார்கள். மூளையில் கட்டி போன்ற பிரச்சினை உள்ளவர்களுக்குத்தான் சிக்கல்.

சரி, அதை எப்படி அளப்பது? கருப்பை ஆபரேஷனுக்கு வந்தவரின் மண்டையில் துளை போட முடியுமா? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. மூளையைப் போர்த்திய உறை அதோடு நிற்பதில்லை. வயர் மேல் பிளாஸ்டிக் போல, பார்வை நரம்பைச் சுற்றிக்கொண்டு கண்விழி வரை வருகிறது. நரம்புக்கும் உறைக்கும் நடுவே இருப்பது மூளையைச் சுற்றி இருக்கும் அதே திரவம். மண்டைக்குள் நெருக்கடி என்றால் திரவம் இங்கே வந்து உறையை உப்பச் செய்யும். மூடிய இமை மேல் ஜெல் தடவி ஸ்கேன் கருவியை மெதுவாக வைத்தால், திரையில் கறுப்பு உருண்டையாக விழி, அதன் பின்னால் வால் போல நரம்பு. விழியிலிருந்து 3 மி.மீ. தள்ளி உறையின் அகலத்தை அளப்பார்கள். சாதாரணமாக 5 மி.மீ.யை ஒட்டி இருக்கும். அரை மி.மீ. கூடினாலே மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதற்கும் கருவைப் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாட்டில் இந்த ஸ்கேன் கருவிகளைப் பதிவு செய்தாக வேண்டும். சட்டம் தேவைதான். ஆனால் கண் நரம்பைப் பார்ப்பதற்கான வழியை இன்னும் எளிதாக்கலாம் என்பது என் கட்சி.

அப்புறம் மயக்க மருந்து. மண்டைக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதில் அதற்கும் பங்கு உண்டு. பால் போல வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால், மூளையின் வேலையைக் குறைக்கும். வேலை குறைந்தால் அங்கே போகும் ரத்தமும் குறையும். முகர வைக்கும் செவோஃப்ளூரேனும் வேலையைக் குறைக்கும், ஆனால் அளவு கூடினால் குழாய்களை விரித்துவிடும். டெக்ஸ்மெடடோமிடின் தூங்கவும் வைக்கும், மூளைக்கு ஓடும் ரத்தத்தையும் குறைக்கும். புரோபோஃபால் கொடுத்தவர்களுக்கு உறை குறைவாக உப்பியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. அந்த அம்மாவிடம் கையெழுத்து கேட்டதும் எந்த மருந்தில் உறை குறைவாக உப்புகிறது என்று பார்க்கத்தான் இருக்கும்.