பெருக்கத் தெரிந்த வளையம்

சுவிஸ் கடிகார நிறுவனமான பிரைட்லிங்கின் நேவிடைமர் வரிசையில் புது மாடல் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினாலே, டயல் என்ன நிறம், கேஸ் எவ்வளவு பருமன் என்று ரசிகர்கள் அலசத் தொடங்கிவிடுவார்கள். என் கண் தேடுவது டயலைச் சுற்றிப் பொடிப்பொடியாக எண்கள் அச்சிட்ட வளையத்தைத்தான். அது ஒழுங்காக இருந்தால்தான் எனக்கு அது விமானிகளின் கடிகாரம்.

நேவிடைமர் உருவான 1952-ல், சிறிய விமானத்தில் போகிறவர் தன் கணக்கைத் தானே போட்டாக வேண்டும். அடுத்த ஊர் எத்தனை நிமிடம்? மிச்சமுள்ள எரிபொருள் எதுவரை தாங்கும்? இதற்கென்றே விமானிகள் வட்டமான ஸ்லைடு ரூலை, அதாவது அளவுகோலை நகர்த்திப் பெருக்கவும் வகுக்கவும் உதவும் கருவியை, கையோடு வைத்திருந்தார்கள். அதைச் சுருக்கி மணிக்கட்டில் ஏற்றியதுதான் இந்தக் கடிகாரம்.

வளையத்தில் இரண்டு அளவுகோல்கள். உள்ளே இருப்பது அசையாது. வெளியே இருப்பது பெஸலோடு, அதாவது கண்ணாடியைச் சுற்றியுள்ள விளிம்போடு, சுழலும். எண்களின் இடைவெளியைக் கவனியுங்கள். 10-லிருந்து 20-க்குப் போக வட்டத்தில் ஏறத்தாழ 108 பாகை வேண்டும். 90-லிருந்து சுற்று முடியும் இடத்துக்கோ 16 பாகை சொச்சம்தான். ஆனால் 20-க்கும் 40-க்கும் நடுவே, 30-க்கும் 60-க்கும் நடுவே அளந்தால் மறுபடியும் அதே 108. எங்கிருந்து கிளம்பினாலும் 108 பாகை நகர்ந்தால் எண் இரண்டு மடங்காகிவிடும்!

பிளஸ் டூவில் லாக் டேபிளைப் புரட்டியவர்களுக்கு இது பிடிபட்டுவிடும். இரண்டு எண்களைப் பெருக்க அவற்றின் மடக்கைகளை (லாக் மதிப்புகளை) கூட்டினால் போதும். 1614-ல் ஜான் நேப்பியர் உலகுக்குச் சொன்ன விஷயம் இது. எண்களை அவற்றின் மடக்கைக்கு ஏற்ற தூரத்தில் நிறுத்திவிட்டால், வளையத்தைத் திருப்புவதே கூட்டல். அந்தக் கூட்டலே பெருக்கல். ஒருமுறை திருப்பி நிறுத்தியதும், எதிரெதிரே நிற்கும் ஒவ்வொரு ஜோடி எண்ணுக்கும் விகிதம் ஒன்றாகவே இருக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். ஒரே திருப்பலில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை வரிசையாக வந்து நின்றுவிடுகிறது.

சரி, விமானம் மணிக்கு 140 கடல் மைல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிவளையத்தின் 14-ஐ (140-க்கும் அதே குறிதான்) உள்வளையத்தின் 60-க்கு நேராக வையுங்கள். 60 என்பது ஒரு மணி நேரத்தின் நிமிடங்கள். இன்னும் 35 கடல் மைல் பாக்கியா? வெளியே 35-ஐத் தேடினால் உள்ளே அதற்கு நேராக 15 நிற்கும். பதினைந்து நிமிடம்.

எரிபொருளுக்கும் இதே வழிதான். மணிக்கு 36 லிட்டர் செலவு, தொட்டியில் 90 லிட்டர். 36-ஐ 60-க்கு நேராகத் திருப்பினால் 90-க்கு நேராக மறுபடியும் 15. ஆனால் இந்த 15-ஐ 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம் என்று படிக்க வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் மதிப்பு பத்து மடங்காகிவிடும்; எத்தனை சைபர் சேர்ப்பது என்பதை வளையம் சொல்லாது. அது விமானியின் பொறுப்பு.

அதனால் அச்சு துல்லியமாக இருக்க வேண்டும். கோடு ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் விடை மாறிவிடும். டயலில் அலங்காரம் கூடக்கூட எண்கள் மங்கிப்போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும். புது மாடல் கையில் கிடைத்ததும் 14-ஐ 60-க்கு நேராக வைப்பேன். அப்புறம் 35 எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன்.