எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை இல்லை

உளவியலில் மிக அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் எது என்று கேட்டால், 'எதிர்மறை வலுவூட்டல்' என்று உடனே சொல்லிவிடுவேன். பிள்ளையைத் திட்டுவது, அவன் கையிலிருக்கும் செல்போனைப் பிடுங்கி வைப்பது எல்லாம் எதிர்மறை வலுவூட்டல் என்று நன்றாகப் படித்தவர்களே சொல்வதுண்டு. இரண்டுமே அது இல்லை.

முதலில் வலுவூட்டல் என்றால் என்ன? ஒரு செயலைச் செய்ததும் ஏதோ ஒன்று நடக்கிறது. அதனால் அந்தச் செயல் பிற்பாடு அதிகமானால், நடந்தது வலுவூட்டல். குறைந்தால் தண்டனை. அவ்வளவுதான். நேர்மறை, எதிர்மறை என்பதற்கும் நல்லது கெட்டதற்கும் சம்பந்தமே இல்லை. கணக்கில் வரும் கூட்டல், கழித்தல் மாதிரிதான். ஒன்று வந்து சேர்ந்தால் நேர்மறை, ஒன்று விலகினால் எதிர்மறை.

பெட்டிக்குள் இருக்கும் எலி நெம்புகோலை அழுத்துகிறது, தீனி விழுகிறது, மறுபடி அழுத்துகிறது. இது நேர்மறை வலுவூட்டல். தீனிக்குப் பதில் தரையில் மின்சாரம் ஓடுகிறது, நெம்புகோலை அழுத்தினால் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எலி இப்போதும் அழுத்தக் கற்றுக்கொள்ளும். தொல்லை விலகியதே இங்கே பரிசு. எனவே எதிர்மறை வலுவூட்டல். காரில் சீட் பெல்ட் போடும் வரை 'பீப் பீப்' என்று உயிரை வாங்கும் சத்தமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. இத்துறையின் பெரும்புள்ளி பி. எஃப். ஸ்கின்னரே 1938இல் வெளியான தன் நூலில் இச்சொல்லை இன்று நாம் தண்டனை என்று சொல்லும் பொருளில்தான் எழுதினார். 1953இல் வந்த இன்னொரு நூலில்தான் இன்றைய பொருளுக்கு மாறினார்.

இந்த வரையறையில் எனக்குப் பிடித்த விஷயம், அது செய்பவரின் நோக்கத்தைக் கண்டுகொள்வதே இல்லை. வகுப்பில் சேட்டை செய்யும் பையனை ஆசிரியர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார். அவர் கணக்கில் அது தண்டனை. ஆனால் மொத்த வகுப்பும் தன்னைத் திரும்பிப் பார்த்த சந்தோஷத்தில் பையனின் சேட்டை கூடிவிட்டால், உளவியல் கணக்கில் அவர் கொடுத்தது வலுவூட்டல். செல்போன் கேட்டுக் கத்தும் குழந்தையிடம் அதைக் கொடுத்துவிடும்போது இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கத்தினால் போன் கிடைக்கும் என்று குழந்தை கற்கிறது, கொடுத்தால் கத்தல் நிற்கும் என்று பெற்றவர் கற்கிறார். முன்னது நேர்மறை, பின்னது எதிர்மறை.

சரி, இனிமேல் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால்? வலுவூட்டல் நின்றுபோனால் செயல் மெல்ல மங்கும். இதற்கு 'அணைதல்' என்று பெயர். ஆனால் மங்குவதற்கு முன் பல நேரம் ஒருமுறை உச்சத்துக்குப் போகும். லிஃப்ட் வராவிட்டால் பட்டனைப் படபடவென்று அழுத்துகிறோமே, அது மாதிரி. அந்த உச்சத்தில் பெற்றவர் மனம் இளகினால், இன்னும் ஓங்கிக் கத்தினால்தான் கிடைக்கும் என்பதே குழந்தைக்குப் பாடமாகிவிடும்.

எதிர்மறை வலுவூட்டலின் ஆழமான பிடி பயத்தில்தான் தெரியும். மேடை ஏறப் பயப்படுகிறவர் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று சொல்லித் தப்பிக்கிறார். அப்பாடா என்று நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறது. அந்த 'அப்பாடா'தான் வலுவூட்டல். அடுத்த முறை தப்பிப்பது இன்னும் சுலபமாகிறது, மேடையில் நின்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு மட்டும் வருவதே இல்லை. அதனால்தான் இத்தகைய பயங்களுக்கான சிகிச்சையில், பயப்படும் விஷயத்தின் எதிரே சிறிது சிறிதாக, ஓடிவிடாமல் நிற்கப் பழக்குகிறார்கள். முதலில் ஒரே ஒருவர் முன்னால் பேசுவது, அப்புறம் நான்கு பேர், அப்புறம் ஓர் அறை நிறைய ஆட்கள்.